காட்டுப்பன்றியின் வாயில் ஒரு பூசணிக்காய்

விளையாட்டில் நான் இந்த ஜென்மத்தில் வாங்கிய ஒரே பரிசு ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. மூன்றாம் வகுப்பில், கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு ஓடும் போட்டியில், கடைசியாக வந்தவர்களில் அழாமல் நின்றவன் என்பதற்காகக் கொடுத்தார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இருபத்து நாலு வயதில், ஜெர்மனியில் ஒரு மைதானத்தின் மரப்பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, ஆறடி மூன்றங்குல உயரமுள்ள ஓர் ஆட்டக்காரருக்குப் பந்து எறியத் தெரியவில்லை என்று தொண்டை கிழியக் கத்தியவன் இதே ஆள்தான்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. கோவில்பட்டியிலிருந்து மேற்படிப்புக்காகப் போயிருந்தேன். பிராங்பேர்ட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் வரும் சின்னப் பல்கலைக்கழக ஊர். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் ஊரே கதவைச் சாத்திக்கொண்டுவிடும். கிரிக்கெட் கிடையாது. கிரிக்கெட் என்றால் என்னவென்று கேட்கக்கூட ஆள் கிடையாது. என் அறைத்தோழன் ரமணன், யாழ்ப்பாணத்தில் பிறந்து பீலெஃபெல்டில் வளர்ந்தவன், கணினி படித்துக்கொண்டிருந்தான். ஒரு சனிக்கிழமை நான் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையை எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்து அவன்தான் இரக்கப்பட்டான்.

"மச்சான், எழும்பு. எங்கட யூனி டீம் இண்டைக்கு விளையாடுது. வாவன், சும்மா போய்ப் பாப்பம். ஸ்டுடென்டுக்கு டிக்கெட் இல்லை. பருப்பு சூப்பும் குடுக்கினம்."

சூப்புக்காகத்தான் போனேன். அங்கே ஆடியது அமெரிக்கன் ஃபுட்பால். பேரில்தான் ஃபுட்பால், பந்தைக் காலால் தொடுவது அத்தி பூத்தாற்போல எப்போதாவதுதான். உண்மையில் அது தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஆடும் சடுகுடு. நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் க்வார்ட்டர்பேக் என்பவரின் கைக்கு வரும். அவர் யார் எங்கே ஓடுகிறார்கள் என்று பார்த்து எறிய வேண்டும். அணியின் மூளையும் அவர்தான், வலது கையும் அவர்தான். எங்கள் அணியின் பெயர் காட்டுப்பன்றிகள். எங்கள் க்வார்ட்டர்பேக்கின் பெயர் டோர்ஸ்டன்.

டோர்ஸ்டன் பந்து எறிவது பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். கோயில் சிற்பம் மாதிரி ஒரு காலை முன்னே வைத்து, முதுகை வளைத்து, கையை நீட்டி எறிவார். பந்து சுழன்றுகொண்டே வானத்தில் போகும். போய், யாருமே இல்லாத இடத்தில் விழும். அல்லது எதிரணிக்காரர் ஒருவரின் கையில், அவர் கேட்காமலே போய் உட்காரும். முதல் ஆட்டத்தில் பாவம் என்று நினைத்தேன். மூன்றாவது ஆட்டத்தில் பல்லைக் கடித்தேன். ஐந்தாவது ஆட்டத்தில் எழுந்து நின்று "ரவுஸ்! ரவுஸ்!" என்று கத்த ஆரம்பித்தேன். (வெளியே போ என்று அர்த்தம். நம்மூர் ரவுசு வேறு. ஆனால் நான் செய்தது இரண்டும்தான்.) நாற்பது பேர் கூட்டம். அதில் பாதிப் பேர் ஆட்டக்காரர்களின் அப்பா அம்மா. அவர்கள் நாகரிகமாகக் கைதட்டிக்கொண்டிருப்பார்கள். அதனால் என் குரல் மட்டும் தனியாக, தெளிவாக, மைதானத்தின் மறுகோடிவரை போகும். டோர்ஸ்டனை அனுப்பிவிட்டு மார்ட்டினைக் கொண்டுவா என்பது என் கோரிக்கை. மார்ட்டின் மாற்று க்வார்ட்டர்பேக். கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு ஆண்டு முழுவதும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவர். அவர் ஆடி நான் பார்த்ததே இல்லை என்பதால் அவர்மீது எனக்கு அபாரமான நம்பிக்கை இருந்தது.

டோர்ஸ்டனை மாற்றாமல் பிடிவாதம் பிடித்த பயிற்சியாளர் டாக்டர் வென்ட்செல். இந்த இடத்தில்தான் என் வாழ்க்கையும் காட்டுப்பன்றிகளின் வாழ்க்கையும் முடிச்சுப் போட்டுக்கொண்டன. டாக்டர் வென்ட்செல் வார இறுதியில்தான் பயிற்சியாளர். வாரநாட்களில் எங்கள் துறையில் கன்ட்ரோல் இன்ஜினியரிங் விரிவுரையாளர். ஆராய்ச்சிக்காக அமெரிக்காவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, திரும்பும்போது இந்த விளையாட்டுப் பைத்தியத்தையும் கூடவே கொண்டுவந்திருந்தார். கன்ட்ரோல் இன்ஜினியரிங் என்பது, ஓர் இயந்திரம் தான் செய்யும் பிழையைத் தானே கவனித்துத் திருத்திக்கொள்ளும்படி அமைப்பது எப்படி என்று சொல்லும் படிப்பு. அந்தப் பாடத்தில் நான் இரண்டு தடவை ஃபெயில் ஆகியிருந்தேன்.

அங்கே ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றாவது வாய்மொழித் தேர்வு. அதிலும் போனால் படிப்பிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். படிப்பு போனால் விசா போகும். விசா போனால் கோவில்பட்டி. அங்கே என் அப்பா, நான் ஜெர்மனிக்குப் போனதைத் தெருவில் போகும் தயிர்க்காரரிடம்கூட நிறுத்தி வைத்துச் சொல்லியிருந்தார். இரண்டு தடவை தவறியதை நான் அவரிடம் சொல்லவில்லை. "எக்ஸாம் எல்லாம் எப்படிப் போகுது?" என்று போனில் கேட்டால், "டஃப்பாத்தான்ப்பா இருக்கு, ஆனா மேனேஜ் பண்றேன்" என்பேன். இந்தத் தலைக்கவசச் சடுகுடுவில்கூட நாலு முயற்சி கொடுக்கிறார்கள், பல்கலைக்கழகம் மூன்றுதான் கொடுக்கிறது என்று ரமணனிடம் புலம்பியிருக்கிறேன்.

என் வாய்மொழித் தேர்வுக்கு ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணி என்று தேதி கொடுத்தார்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமை காட்டுப்பன்றிகளின் கடைசி ஆட்டம். அதில் தோற்றால் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் எனக்கு ஞானோதயம் ஏற்பட்டது. என் முதல் தேர்வுத்தாளை வென்ட்செல் திருத்திய வாரம் அணி தோற்றிருந்தது. இரண்டாவது தாளைத் திருத்திய வாரமும் தோற்றிருந்தது. மனிதர் எரிச்சலில் பேனாவை எடுத்திருக்கிறார்! ஆக, என்னை ஃபெயில் ஆக்கியது டோர்ஸ்டனின் வலது கை. ஆதாரத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகமே வைத்திருந்தேன். டோர்ஸ்டன் எறிந்த ஒவ்வொரு பந்தும், எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது முயற்சி, எங்கே விழுந்தது, எறிவதற்கு முன் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தேன். வகுப்புக் குறிப்புக்கு நான் இப்படி ஒரு கட்டம் போட்டதில்லை.

ரமணன் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தான்.

"மச்சான், உவங்கள் எல்லாக் கிழமையும்தான் தோத்தவங்கள். எந்தக் கிழமை திருத்தினாலும் தோத்த கிழமையாத்தானே இருக்கும்?"

"அதான் நானும் சொல்றேன். இந்தத் தடவை ஜெயிச்சா மூடு மாறும். மூடு மாறினா நான் பாஸ்."

"நீ படிச்சாலும் பாஸ் பண்ணலாம் எண்டு ஒருக்காவும் யோசிக்கேல்லையோ?"

யோசித்தேன். ஆனால் பத்து நாளில் ஒரு புத்தகத்தைப் படித்து முடிப்பதைவிட ஓர் ஆட்டத்தை ஜெயிக்க வைப்பது சுலபமாகத் தெரிந்தது. தவிர, டோர்ஸ்டனுக்கு என்ன குறை என்பதையும் அதற்குள் கண்டுபிடித்துவிட்டேன். நல்ல உயரம், நல்ல கை, பார்க்க ராஜா மாதிரி இருக்கிறார், ஆனால் எறிவது மட்டும் விளங்கவில்லை. நம்மூரில் இதற்கு ஒரே காரணம்தான்.

"இவனுக்குக் கண்ணு பட்டிருக்குடா ரமணா. சத்தியமா. திருஷ்டி கழிச்சாச் சரியாயிடும்."

ரமணன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவன் அம்மா பீலெஃபெல்டில் புதுக்கார் வாங்கினால்கூட ஜெர்மனியிலேயே உள்ள ஊன்ட்றொப் அம்பாள் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்யாமல் நெடுஞ்சாலையில் ஏறவிட மாட்டார்.

"நாவூறு எண்டு சொல்லுறாய். இருக்கலாம். ஆனா எங்கட பக்கம் நீத்துப்பூசணியைக் கத்தியால வெட்டுறது. உங்களை மாதிரிப் போட்டு உடைக்கிறேல்லை."

"கத்தியோட கிரவுண்டுக்குள்ள போனா திருஷ்டி போகாது, போலீஸ்தான் வரும். உடைக்கலாம்."

இப்படி இரண்டு நாட்டுச் சம்பிரதாயங்களும் பேச்சுவார்த்தை நடத்தி, உடைப்பது என்று முடிவாயிற்று. அக்டோபர் மாதம். ஜெர்மனியில் பூசணிக்குப் பஞ்சமே இல்லை. ஊர் எல்லையில் ஒரு விவசாயி வீட்டு வாசலில் தள்ளுவண்டி நிறைய ஆரஞ்சு நிறப் பூசணிகளை அடுக்கி வைத்திருந்தார். நம்முடையது சாம்பல் பூத்த வெள்ளை, இது காவி. நிறத்தில் தெய்வம் கோபித்துக்கொள்ளாது என்று நானே தீர்ப்புச் சொல்லி, இருந்ததில் பெரியதாகத் தூக்கினேன். சூடமும் குங்குமமும் ரமணனின் அம்மா கொடுத்தனுப்பிய டப்பாவில் இருந்தன.

ரமணனுக்கு ஒரு கவலை. "உடைச்சுப்போட்டு அப்பிடியே விட்டிட்டு வர ஏலாது. இது ஜெர்மனி. குப்பை போட்டா ஆக்கள் பேசுவினம். கீழ பொலித்தீன் விரிச்சு, அதுக்கு மேல உடை. உடைச்ச கையோட நான் சுருட்டி எடுக்கிறன்."

எவ்வளவு பொறுப்பான யோசனை! ஆயுதபூஜைக்கு மறுநாள் நம்மூர்ச் சாலைகளில் உடைத்த பூசணியில் எத்தனை பைக்குகள் சறுக்கி விழுகின்றன என்று தெரிந்தவன் நான். என் சித்தப்பாவே ஒரு தடவை விழுந்து, ஒரு மாதம் கையில் கட்டுப் போட்டிருந்தார். அப்படியிருந்தும், பூசணி தனியாகச் செய்யக்கூடியதை ஈரமான பிளாஸ்டிக் விரிப்போடு சேர்ந்து எவ்வளவு சிறப்பாகச் செய்யும் என்று எனக்கு உறைக்கவில்லை. இரண்டு தடவை ஃபெயில் ஆன இன்ஜினியர் என்பதை இங்கே நினைவில் கொள்ளவும்.

எங்கே உடைப்பது என்பதில் சந்தேகமே இல்லை. காட்டுப்பன்றிகள் மைதானத்துக்குள் வருவதே ஒரு காட்சி. காற்றடைத்த பெரிய ரப்பர் பன்றித்தலை ஒன்று உண்டு. அதன் வாய் ஒரு வாசல் மாதிரி திறந்திருக்கும். புகை இயந்திரத்தைப் போடுவார்கள். புகைக்குள்ளிருந்து ஆட்டக்காரர்கள் பன்றியின் வாய் வழியாக ஓடிவருவார்கள். முதலில் டோர்ஸ்டன். ஆக, பன்றியின் வாய்க்கு நேரே உடைத்தால் டோர்ஸ்டன் திருஷ்டியைத் தாண்டி வருவார். கணக்கு கச்சிதமாக இருந்தது.

நிகழ்ச்சி நிரலில் அணி வருகை இரண்டு மணி என்று போட்டிருந்தது.

"ரெண்டேகாலுக்குத்தான் வருவாங்க. நிதானமாப் பண்ணலாம்" என்றேன்.

"டேய், இரண்டு மணி எண்டா இஞ்ச இரண்டு மணிதான்."

ஒன்று ஐம்பதுக்குப் போய்ப் பன்றியின் வாய்முன் நீல நிற விரிப்பை விரித்தோம். பார்த்தவர்கள் ஏதோ அலங்காரம் என்று நினைத்து வழிவிட்டார்கள். ஒரு அம்மா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஜெர்மனியில் சட்டையில்லாமல் விரிப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், முகத்தில் கடமையுணர்ச்சி இருந்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். பூசணியின் தலையில் துளை போட்டு உள்ளே குங்குமத்தைக் கரைத்து ஊற்றியிருந்தேன். மேலே சூடத்தை வைத்துக் கொளுத்தினேன். காற்று அணைத்தது. மறுபடி கொளுத்தினேன். மறுபடி அணைத்தது. ரமணன் தன் ஜாக்கெட்டை விரித்து மறைவு கட்டினான்.

"கெதியா, கெதியா! ஒண்டு ஐம்பத்தெட்டு!"

"அணைஞ்ச சூடத்தோட சுத்தக் கூடாதுடா."

ஏழாவது தீக்குச்சியில் பற்றியது. இடமாக மூன்று சுற்று, வலமாக மூன்று சுற்று. ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, எதிரணிக் கண்ணு என்று சொல்லிக்கொண்டே சுற்றினேன். (என் கண்ணை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அந்த ஆண்டு டோர்ஸ்டனை என் அளவுக்கு முறைத்துப் பார்த்த கண் வேறு இல்லை.) தலைக்குமேல் தூக்கி ஓங்கி உடைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல உடைப்பு. சதையும் விதையும் சிவப்புத் தண்ணீருமாக விரிப்பு முழுக்கத் தெறித்தது. ரமணன் குனிந்து ஒரு முனையைப் பிடித்தான்.

சரியாக இரண்டு மணி. புகை கிளம்பியது. இசை அலறியது.

"ஐயோ, வாறாங்கள்! விடடா, ஓடு!"

டோர்ஸ்டன் புகையிலிருந்து ராஜா மாதிரிதான் வந்தார். முதல் காலை விரிப்பில் வைத்தார். அதற்கப்புறம் அவர் ஓடவில்லை. போனார். விதையும் தண்ணீரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து அவரை உட்கார்ந்தபடியே நாலைந்து கஜம் முன்னேற்றின. அந்த ஆண்டில் அவர் எளிதாகக் கடந்த தூரம் அதுதான். பின்னால் வந்தவர்களுக்குப் புகையில் ஒன்றும் தெரியவில்லை. ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள். பன்றி தன் வாயிலிருந்து ஆட்களைத் துப்பிக்கொண்டே இருந்தது.

புகை விலகியதும் கூட்டம் பார்த்தது சிவப்பு. டோர்ஸ்டனின் வெள்ளைக் கால்சட்டை முழுக்கச் சிவப்பு. யாரோ ஓர் அம்மா அலறினார். ஆண்டு முழுவதும் வேலையில்லாமல் சூப்புக் குடித்துக்கொண்டிருந்த முதலுதவிக்காரர்கள் இருவரும் ஸ்ட்ரெச்சரோடு பறந்துவந்தார்கள். எதிரணி முழுவதும் ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றித் தலையைக் குனிந்தது, அடிபட்டவருக்கு மரியாதை செய்யும் வழக்கமாம். முதலுதவிக்காரர் டோர்ஸ்டனின் தொடையைத் துடைத்து, விரலைப் பார்த்து, முகர்ந்து பார்த்து, குழம்பிப்போய்த் தன் கூட்டாளியிடம் சொன்னார்: "இதில் விதை இருக்கிறது."

நான் ஓடவில்லை. பூசணியின் காம்பு கையில் இருந்தது. டாக்டர் வென்ட்செல் வந்து, காம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விரிப்பின் முனையைப் பிடித்தபடி சிலையாக நின்ற ரமணனைப் பார்த்தார். பிறகு அமைதியாகக் கேட்டார்.

"திங்கட்கிழமை ஒன்பதரை மணி. நீங்கள்தானே?"

"ஆமாம்" என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தால், ஜெர்மன் மொழி மொத்தமாக என்னைவிட்டுப் போயிருந்தது.

டோர்ஸ்டனுக்கு எலும்பு முறியவில்லை. வலது கணுக்காலில் தசைநார் கிழிந்திருந்தது. ஆறு வாரம் கட்டு. ஸ்ட்ரெச்சரில் என்னைக் கடந்து போகும்போது அவர் முகம் வெளுத்திருந்தது. அதுவரை எனக்கு அவர் ஒரு வலது கையாக மட்டுமே தெரிந்திருந்தார். அன்றுதான் முதன்முதலாக முகத்தைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும், அல்லது இரண்டு மூன்று கூட. வெட்கத்தில் அந்த மைதானத்திலேயே புதைந்துபோகலாமா என்றிருந்தது.

ஆண்டு முழுவதும் நான் தொண்டை கிழியக் கேட்டது அன்று கிடைத்தது. டோர்ஸ்டன் வெளியே, மார்ட்டின் உள்ளே. மார்ட்டின் கம்பளித் தொப்பியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வந்தார். முதல் பந்தை நடுவருக்கு எறிந்தார். நடுவர் மறுத்துவிட்டார். இரண்டாவது பந்து சொந்த அணிக்காரர் ஒருவரின் முதுகில் பட்டது. மூன்றாவதை எறிவதற்குள் ஐந்து பேர் அவர்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். வென்ட்செல் ஏன் டோர்ஸ்டனை மாற்றவே இல்லை என்பது பதினைந்து நிமிடத்தில் மைதானத்துக்கே விளங்கியது. டோர்ஸ்டனோடு ஆடியபோது நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்றோம். அன்று ஒரேயடியாகத் தோற்றோம். கடைசியில் அந்த அப்பா அம்மாக்கள் கூட்டம் "டோர்ஸ்டன், டோர்ஸ்டன்" என்று தாளம் போட ஆரம்பித்தது. அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் படித்தேன். உண்மையாகவே படித்தேன். பயம் என்ற ஒன்று இருக்கிறதே, அதைவிட நல்ல ஆசிரியர் எனக்கு வாய்த்ததில்லை. ரமணன் எதிரில் உட்கார்ந்து புத்தகத்திலிருந்து கேள்வி கேட்டான். பன்னிரண்டு அத்தியாயத்தில் நாலு முடிந்தது.

"ஊருக்குப் போனா என்ன வேலை செய்வாய்?" என்று ஒரு தடவை கேட்டான். கிண்டலாகத்தான் கேட்டான். நான் முடிந்த நாலாவது அத்தியாயத்தையே மறுபடி புரட்டுவதைப் பார்த்து, "சரி சரி, அஞ்சாவதைத் திற" என்றான்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வாசலில் நின்றேன். உள்ளே கூப்பிட்டார்கள். அந்த ஊர் வாய்மொழித் தேர்வில் தேர்வாளரோடு இன்னொருவரும் உட்கார்ந்து, கேட்டது சொன்னது எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார். வென்ட்செல்லின் பக்கத்தில் அப்படி எழுத உட்கார்ந்திருந்தவர் டோர்ஸ்டன்.

அவர் வென்ட்செல்லின் ஆராய்ச்சி மாணவராம். இந்தப் பாடத்துக்கு ஒவ்வொரு வியாழக்கிழமையும் பயிற்சி வகுப்பு எடுத்தவராம். மூன்று செமஸ்டராக ஒரு வியாழக்கிழமைகூடப் போகாத எனக்கு அது எப்படித் தெரியும்? அவருடைய கட்டுப்போட்ட கால் மூன்றாவது நாற்காலியில், வெள்ளை வெளேரென்று, எங்கள் இருவருக்கும் நடுவில் நீட்டியிருந்தது. அடுத்த அரைமணி நேரம் நான் பேசியதெல்லாம் அந்தக் காலிடம்தான்.

முதல் மூன்று கேள்விகளைப் பற்றி எழுதாமல் விடுவது எல்லோருக்கும் நல்லது. நான்காவதாக வென்ட்செல் கேட்டார்.

"ஓர் அமைப்பு தன் பிழையைத் திருத்திக்கொள்கிறது. ஆனால் திருத்தம் தாமதமாக வருகிறது. என்ன ஆகும்?"

அத்தியாயம் ஏழு. நான் அதுவரை போகவில்லை. காலைப் பார்த்தேன். கால் என்னைப் பார்த்தது. அந்த நிமிடம் என் மண்டைக்குள் பாடம் எதுவும் இல்லை, இருந்ததெல்லாம் என் நோட்டுப் புத்தகம் மட்டும்தான்.

"உதாரணமாக ஒருவர் பந்து எறிகிறார்" என்றேன். பேனா நின்றது. நிறுத்த வழியில்லை. "பிடிக்க வேண்டியவர் ஓடிக்கொண்டிருக்கிறார். எறிபவர் அவரைப் பார்க்கிறார், ஆனால் உடனே எறியவில்லை. எறியும்போது அவர் அங்கே இல்லை. பந்து பின்னால் விழுகிறது. அடுத்த தடவை அதைத் திருத்துவதற்காக அதிகமாக முன்னால் எறிகிறார். அதற்கடுத்த தடவை அதையும் திருத்தப் போய் இன்னும் பின்னால். ஆட்டம் போகப்போகப் பிழை குறையவில்லை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பெரிதாகிக்கொண்டே போகிறது."

வென்ட்செல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தத் தாமதம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார் வென்ட்செல்.

இதற்கும் நோட்டில் பதில் இருந்தது. ஒவ்வொரு எறிதலுக்கும் முன்னால் டோர்ஸ்டன் பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்ப்பார். பயிற்சியாளரின் சைகைக்குக் காத்திருப்பார். ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடம் அவசரத்தில் சைகை வராது. அப்போது மட்டும் அவர் எறிந்த பந்துகள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்திருந்தன. கட்டம் போட்டு எழுதிய நானே இதுவரை அதைக் கூட்டிப் பார்த்ததில்லை. கத்துவதில் அவ்வளவு மும்முரமாக இருந்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் தேர்வாளரைக் குறை சொன்னதாகும், சொல்லாவிட்டால் பதில் இல்லை. எப்படியும் கோவில்பட்டிதான் என்று தோன்றியதும் கொஞ்சம் தைரியம் வந்தது.

"எறிபவரிடமிருந்து வரவில்லை" என்றேன். "பெஞ்சிலிருந்து வருகிறது. உங்களிடமிருந்து."

வென்ட்செல் கண்ணாடியைக் கழற்றினார். "டோர்ஸ்டன், அதை எழுத வேண்டாம்."

"எழுதிவிட்டேன்" என்றார் டோர்ஸ்டன்.

வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். ஏழு நிமிடம். சுவரில் தீயணைப்பு விதிகளை ஒட்டியிருந்தார்கள். அவற்றை இன்றைக்கும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். மறுபடி கூப்பிட்டபோது வென்ட்செல் எழுந்து நின்றிருந்தார்.

"நாலு புள்ளி சைபர்" என்றார். அந்த நாட்டில் அதுதான் தேறியவர்களில் கடைசி மதிப்பெண். அதற்குக் கீழே ஒரு நூல் இறங்கினாலும் விமானம்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"உங்கள் குரலை எனக்கு நன்றாகத் தெரியும், ஹெர் கதிரேசன்" என்றார். "ஆண்டு முழுவதும் 'வெளியே, வெளியே' என்று கேட்ட குரல். திரும்பத் திரும்பத் தவறுகிற ஒருவரை உடனே வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று நானும் நினைப்பவனாக இருந்தால், முதல் மூன்று பதிலோடேயே உங்களுக்குக் கைகொடுத்து அனுப்பியிருப்பேன்."

டோர்ஸ்டனிடம் குனிந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அந்த நோட்டைக் கொடு என்றார்.

அடுத்த ஆண்டு நான் மரப்பெஞ்சில் உட்காரவில்லை. ஆட்டக்காரர்களின் பெஞ்சில், வென்ட்செல்லுக்குப் பக்கத்தில், நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். சைகை தாமதமானால் அவர் முழங்கையைத் தட்டுவது என் வேலை. கீழ்ப்பிரிவில் எங்களைவிட மோசமான அணிகள் இருந்ததால் மூன்று ஆட்டம் ஜெயித்தோம். பின்னாலிருந்து ஒருவர் "யார் அந்தக் குள்ளன், அவனை முதலில் வெளியே அனுப்பு" என்று கத்துவார். எனக்குக் கோபமே வரவில்லை. அவருக்கு என்ன கஷ்டமோ என்றுதான் தோன்றியது.

ரமணனின் ஒன்றுவிட்ட தங்கை யாழினியைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன். அவளுக்கு என் பெயர் தெரிவதற்கு முன்பே பூசணிக்கதை தெரிந்திருந்தது. பீலெஃபெல்டில் அவர்கள் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் தெரியும். பெண் பார்க்கப் போனபோது அவளுடைய மாமா, "தம்பி, அந்த டோர்ஸ்டன் இப்ப நடக்கிறாரோ?" என்றுதான் முதலில் விசாரித்தார்.

இப்போது எங்கள் மகள் பள்ளி ஹேண்ட்பால் அணியில் கோல்கீப்பர். போன மாதம் ஓர் ஆட்டத்தில் பந்துகள் அவளைத் தாண்டி வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. எனக்குப் பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று, முகம் சிவக்க, "ரவுஸ்!" என்று கத்த ஆரம்பித்தார். அந்தத் தொண்டையை எனக்குத் தெரியும். அதே வேகம், அதே நம்பிக்கை. திரும்பிப் பார்த்தேன். யாழினி என் சட்டையைப் பிடித்தாள், சண்டைக்குப் போகிறேன் என்று நினைத்துவிட்டாள். நான் அவரிடம் ஜெர்மன் மொழியில் மிகுந்த அன்போடு கேட்டேன்.

"திங்கட்கிழமை உங்களுக்கு ஏதாவது தேர்வு இருக்கிறதா?"

அவர் திகைத்துப்போய் உட்கார்ந்துவிட்டார். யாழினி சிரித்த சிரிப்பில், ஆடிக்கொண்டிருந்த மகளே திரும்பிப் பார்த்தாள். அந்த நேரத்தில் இன்னொரு பந்து உள்ளே போனது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் குரலை உயர்த்த வழியில்லாமல் போயிற்று. தொலைக்காட்சியில் நடுவரைத் திட்டினாலும், பார்க்கிங்கில் பக்கத்து வீட்டுக்காரரை முணுமுணுத்தாலும், தாயும் மகளும் ஒரே நேரத்தில் தலையைச் சாய்த்து அதே தேர்வுக் கேள்வியைக் கேட்கிறார்கள்: "என்ன, திங்கக்கிழமை சோதினையோ?"

நானும் ஒவ்வொரு தடவையும் வாயை மூடிக்கொண்டு, இன்றைக்கு என்ன கிழமை என்று ஒரு நொடி பதறித்தான் போகிறேன்.